இரண்டு பேர் பேசுகிறார்கள், கேமராவை எங்கே வைப்பது?

குறும்படம் எடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது சண்டைக் காட்சியிலோ பாட்டிலோ இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஷாட்டும் நன்றாகவே இருக்கும். எடிட்டில் அடுத்தடுத்து வைத்தால் ஒட்டாது. அப்பா மகளைப் பார்த்துப் பேசுகிறாரா, பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசுகிறாரா என்று சந்தேகம் வரும். உடனே பழி லென்ஸ் மேல் விழுகிறது, அடுத்த படத்துக்கு இன்னும் விலையுள்ள லென்ஸ் வாடகைக்கு வருகிறது, அதிலும் இதே கதை. என் கணக்கில் வரிசை இப்படி: முதலில் யார் எங்கே பார்க்கிறார்கள், அதை வைத்து கேமராவின் இடம், அதற்குப் பிறகு லென்ஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டு மேசை. மேற்குப் பக்கம் அப்பா, கிழக்குப் பக்கம் மகள், எதிரெதிராக. வடக்குச் சுவரில் ஜன்னல். கேமரா தெற்கே நிற்கிறது. அப்பாவின் கண்ணிலிருந்து மகளின் கண்ணுக்குத் தரைக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இமாஜினரி லைன் என்று செட்டில் சொல்வது அந்தக் கயிற்றைத்தான். கேமரா அதன் தெற்குப் பக்கத்தில் எங்கே நின்றாலும் அப்பா திரையில் வலது பக்கம் பார்ப்பார், மகள் இடது பக்கம் பார்ப்பாள். இரண்டு க்ளோஸை (முகம் நிறைந்து தெரியும் ஷாட்டை) அடுத்தடுத்து வெட்டினாலும் பார்வைகள் முட்டிக்கொள்ளும், மூளை அவர்களை எதிரெதிரே உட்கார வைத்துக்கொள்ளும். மகளின் க்ளோஸுக்கு மட்டும் கயிற்றைத் தாண்டி வடக்கே போய்விட்டால் அவளும் வலது பக்கம் பார்ப்பாள். இருவரும் ஒரே திசையில் பார்த்தால், திரைக்கு வெளியே மூன்றாவதாக ஒருவர் இருப்பதுபோல் தோன்றிவிடும்.

இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். தப்பு நடப்பது யாராவது எழுந்து நடக்கும்போது. மகள் கோபத்தில் எழுந்து, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய், மேற்குக் கதவருகே நின்றுவிட்டாள் என்று வையுங்கள். இப்போது அப்பா திரையில் இடது பக்கம் திரும்பித்தான் அவளைப் பார்க்க முடியும். கயிறு இடம் மாறிவிட்டது, புதிய கயிற்றுக்குப் புதிய பக்கங்கள். அவள் நடந்து போனதைப் படம் பார்ப்பவர் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த நடையை வைடில் (மொத்த இடமும் தெரியும் ஷாட்டில்) மட்டும் எடுத்துவிட்டு, அப்பாவின் க்ளோஸைப் பிறகு எடுக்கும்போது நேராக ‘இடது பக்கம் பார்க்கும் அப்பா’விலிருந்து தொடங்கினால், எடிட்டர் வைடுக்குப் போகாமல் அதைப் பயன்படுத்த வழியில்லை. அதனால் அப்பாவின் க்ளோஸில் தலை திரும்புவதும் இருக்க வேண்டும். வலது பார்வையில் தொடங்கி, அவள் நடக்கும் வேகத்துக்கு ஏற்பக் கண் நகர்ந்து, இடது பார்வையில் முடியும் ஒரே ஷாட். அந்த ஒரு திருப்பம் கையில் இருந்தால் வைடு தேவைப்படாமலே காட்சியின் திசையை மாற்றிவிடலாம்.

லைனைத் தாண்டவே கூடாது என்று பயப்படவும் வேண்டாம். ட்ராலியிலோ கையிலோ கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் போகலாம். கயிற்றின் மேலேயே நின்று, பார்வை இடமும் வலமும் சாயாத ஒரு ஷாட்டை இடையில் போட்டு மறுபக்கம் போகலாம். அடுப்பில் பொங்கும் பாலைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது வேறு பக்கத்தில் நிற்கலாம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்த விதியைப் பொருட்படுத்தவே இல்லை. கேமராவைத் தாழ்வாக வைத்து, நடிகர்களைக் கிட்டத்தட்ட லென்ஸுக்குள்ளேயே பார்க்க வைத்து, அடிக்கடி லைனைத் தாண்டிப் போவார். அவருடைய உயரமும் சட்டகமும் அத்தனை கறாராக ஒரே மாதிரி இருப்பதால் அது தாங்கும். நம் படத்தில் ஒரே ஒரு இடத்தில் தாண்டினால் தவறு என்றுதான் தெரியும்.

மூன்றாவது ஆள் வந்தால்? அம்மா வடக்கே, ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் க்ளோஸ் மகளின் பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அங்கிருந்து பார்த்தால் அவர் மகளைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதும் இரண்டுமே வலது பக்கம்தான், ஆனால் மகள் லென்ஸுக்கு ஒட்டினாற்போல், அம்மா இன்னும் தள்ளி. இந்த வித்தியாசம் குறைந்தால் அவர் யாரிடம் பேசுகிறார் என்பது குழம்பும். எனவே இரண்டு ஸ்டாண்டு நிறுத்தி, அவரவர் கண் உயரத்தில் டேப் ஒட்டி, நடிகருக்குக் காட்டிவிடுங்கள். ஆளே நின்றால் இன்னும் நல்லது. உதவி இயக்குநர் மானிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி எதிர் வசனம் படிக்கும் பழக்கம் பல செட்டில் இருக்கிறது. நடிகரின் காது அந்தக் குரல் வரும் பக்கம் இழுக்கும், கண்ணும் கூடவே போகும். வசனம் படிப்பவர் பார்வை விழ வேண்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.

பார்வை லென்ஸுக்கு எவ்வளவு அருகில் என்பதுதான் இந்த வகைக் காட்சியில் மிகப் பெரிய ஆயுதம். அதைக் கணக்கிட்டு வைப்பவர்கள் குறைவு. எதிரில் இருப்பவரின் கண் லென்ஸின் விளிம்பை ஒட்டி இருந்தால் நடிகரின் இரண்டு கண்ணும் முழுதாகத் தெரியும், அந்தப் பேச்சு நம்மிடமே பேசியதுபோல் விழும். எதிராளி விலக விலக முகம் பக்கவாட்டுக்குத் திரும்பும், தூரத்துக் கண் மூக்குக்குப் பின்னால் மறையும், நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவராகிவிடுவோம். ஒரே காட்சியில் இரண்டையும் வைக்கலாம். பேச்சு மேலோட்டமாக இருக்கும்வரை பார்வை விலகியே இருக்கட்டும். மகள் உண்மையைச் சொல்லும் வரியில் லென்ஸை ஒட்டிவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் வேண்டாத ஒளியை மறைக்கும் மேட் பாக்ஸ் போட்டிருந்தால் எதிர் நடிகரால் அவ்வளவு அருகில் வர முடியாது. அப்போது மேட் பாக்ஸின் ஓரத்தில் ஒரு சின்ன டேப் துண்டு, அதுதான் அப்பாவின் கண். எல்லா நடிகராலும் டேப்பைப் பார்த்து அழ முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்டவருக்கு மேட் பாக்ஸைக் கழற்றிவிடுவது மேல்.

அடுத்து தூரம். முகத்தின் வடிவத்தை லென்ஸ் மாற்றுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் மாற்றுவது கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் கேமரா இருந்தால் காது 62 செ.மீ. தூரத்தில் இருக்கும், மூக்கோடு ஒப்பிடும்போது காது கிட்டத்தட்ட 20 சதவீதம் சுருங்கித் தெரியும். 2 மீட்டருக்குப் போனால் அந்தச் சுருக்கம் வெறும் 6 சதவீதம்தான். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரியது) 2 மீட்டரிலிருந்து 85 மி.மீ. லென்ஸ் போட்டால் 16:9 வீடியோவில் சட்டகத்தின் உயரம் சுமார் 48 செ.மீ., அதாவது தலையும் தோளும் சேர்ந்த க்ளோஸ். அதே அளவு முகத்தை 24 மி.மீ. லென்ஸில் எடுக்க 55 செ.மீ. வரை நெருங்க வேண்டும். முகம் ஒரே அளவுதான், ஆனால் ஆள் வேறு ஆளாகத் தெரிவார். அதைவிடச் சின்னதான சூப்பர் 35 சென்சார் என்றால் அதே 2 மீட்டர் தூரத்துக்கு 60 மி.மீ. பக்கம் வரும் லென்ஸ் போதும். போனில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். போனின் முதன்மை லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் பெரும்பாலும் 24 மி.மீ. அருகில்தான் இருக்கும். க்ளோஸுக்காகப் போனை முகத்தருகே கொண்டுபோவதை விட்டு, தள்ளி நின்று, தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் சொல்லாமலே முதன்மை லென்ஸுக்குத் தாவி, அதிலிருந்து வெட்டிக் கொடுக்கும். படத்தில் திடீரென்று புள்ளி ஏறினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுக்கும் சஜஷன் ஷாட்டிலும் தூரம்தான் அர்த்தத்தை எழுதுகிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே 1 மீட்டர். மகளின் தலைக்கு 1 மீட்டர் பின்னால் கேமரா நின்றால் அவள் 1 மீட்டரில், அவர் 2 மீட்டரில். அவள் தலை அவர் தலையைப்போல் இரண்டு மடங்காகத் தெரியும், அவர் எங்கோ தூரத்தில் இருக்கிறார். கேமராவை மகளிடமிருந்து 3 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோய் நீண்ட லென்ஸ் போட்டால் விகிதம் நாலுக்கு மூன்று. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பதுபோல் நெருக்கம் வந்துவிடும். பேச்சு ஒட்டாத காட்சியா, விலகவே முடியாத காட்சியா என்பதைப் பார்த்து இதை முடிவு செய்யுங்கள். பத்துக்குப் பத்து அறையில் பின்னால் போக இடம் இருக்காது. கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் கேமராவை வைப்பது, மேசையைச் சுவரிலிருந்து இரண்டு அடி நகர்த்துவது எல்லாம் சாதாரணம். க்ளோஸில் மேசை நகர்ந்தது யாருக்கும் தெரியாது. சஜஷனில் தோள் சட்டகத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் போதும். காதின் நுனி மட்டும் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தால் அது கவனத்தைத் திருடும். ஒன்று தோளை ஒழுங்காக உள்ளே எடுங்கள், இல்லாவிட்டால் முழுதாக வெளியே தள்ளுங்கள்.

இரண்டு க்ளோஸும் ஜோடி. அப்பாவின் க்ளோஸ் முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: லென்ஸ் எது, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் திறப்பு) எவ்வளவு, கண்ணிலிருந்து சென்சார் வரை தூரம், தரையிலிருந்து லென்ஸ் உயரம், கேமரா மேலோ கீழோ சாய்ந்ததா. மகளின் க்ளோஸை அதே எண்களில் எடுங்கள். வேண்டுமென்றே மாற்றினால் அதற்குக் காரணம் இருக்கட்டும். மகளை மட்டும் கொஞ்சம் கூடுதல் டைட்டாக எடுத்தால், காட்சி அவள் பக்கம் நிற்கிறது என்று அர்த்தமாகும். தெரியாமல் அப்படி ஆகிவிட்டால், சம்பந்தமே இல்லாத இடத்தில் படம் கட்சி மாறும். ஒரே ஆளை இரண்டு அளவில் எடுக்கும்போது மிட்டுக்கும் (இடுப்பு வரை தெரியும் ஷாட்) க்ளோஸுக்கும் நடுவே தயங்கி நிற்காதீர்கள். கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும், அல்லது அளவு பட்டென்று தெரியும்படி மாற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஷாட்டுக்கு நடுவே கொஞ்சம் ஃபிலிமை வெட்டி எறிந்ததுபோல் துள்ளும்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துபோடும் மோகம் பற்றி ஒரு வார்த்தை. ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., 2 மீட்டர், எஃப் 2 (எண் சிறிதானால் துவாரம் பெரிது) என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 6 அல்லது 7 செ.மீ. பேசும் மனிதர் முன்னும் பின்னும் அதைவிட அதிகமாக அசைவார். ஃபோகஸைத் தொடர்ந்து சரிசெய்யும் ஃபோகஸ் புல்லர் இல்லாத குழு எஃப் 4-க்குப் போனால் அது 13 செ.மீ. ஆகும், பின்னணியும் போதுமான அளவு கலங்கியே இருக்கும். ஆட்டோ ஃபோகஸை நம்பி எடுத்தால் சஜஷனில் அது முன்னால் இருக்கும் தோளுக்குத் தாவும் அபாயம் எப்போதும் உண்டு. பின்னணியை மென்பொருளால் கலக்கும் போனின் சினிமா மோடு தலைமுடி ஓரத்தையும் கண்ணாடி பிரேமையும் வெட்டி ஒட்டியதுபோல் காட்டும். வசனக் காட்சிக்கு அது வேண்டாம்.

வெளிச்சத்தில் முதல் வேலை டியூப்லைட்டை அணைப்பது. ஜன்னல் வெளிச்சம் 5600 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) பக்கம், வீட்டு எல்இடி டியூப் பெரும்பாலும் 6500, மஞ்சள் பல்பு 2700 அல்லது 3000. மூன்றும் ஒரு முகத்தில் விழுந்தால் எடிட்டுக்குப் பின் நிறம் திருத்தும் கலரிஸ்ட்டாலும் சரிசெய்ய முடியாது. ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள், மஞ்சள் புடவை சட்டகத்துக்குள் வந்தாலே நிறம் மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் 180 டிகிரி ஷட்டரே (ஒரு ஃப்ரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது) 1/50 நொடி, சிக்கல் இல்லை. 24 ஃப்ரேமில் 180 டிகிரி 1/48 ஆகிவிடும். பின்னணியில் ஏதாவது விளக்கு தெரிந்தால் மெதுவாகப் பட்டை ஓடலாம். 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50. போன் 30 ஃப்ரேமில் தானாக 1/60 எடுத்துக்கொள்ளலாம், ஷட்டரைக் கையால் 1/50-இல் பூட்டுங்கள். எக்ஸ்போஷரும் (படம் எவ்வளவு வெளிச்சமாக வருகிறது என்பது) பூட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா முன்னால் சாயும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கறுத்து வெளுக்கும்.

விளக்கு எந்தப் பக்கம் என்பதும் லைனோடு சேர்ந்த விஷயம்தான். கேமரா தெற்கே என்றால் முக்கிய வெளிச்சம் வடக்கிலிருந்து, அதாவது கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். நம் காட்சியில் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. இருவருக்குமே கேமராவுக்கு அருகிலிருக்கும் கன்னம் நிழலிலும் தூரத்துக் கன்னம் வெளிச்சத்திலும் விழும், முகத்தில் ஆழம் வரும். கேமராப் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் ஷீட் நிறுத்தி நிழலை வேண்டிய அளவு தூக்கிக்கொள்ளலாம். இதே காட்சியில் கேமரா வடக்கே, ஜன்னல் பக்கம் நின்றால் இரண்டு முகமும் தட்டையாக, அடையாள அட்டைப் படம் மாதிரி வரும். எனவே லைனின் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கும்போதே வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள். உச்சி வெயிலில் வெளியே எடுப்பதென்றால் ஐஎஸ்ஓ 100, 1/50, எஃப் 2.8-க்கு 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) குறைக்க வேண்டும், அதற்கு ஒளியைக் குறைக்கும் ஃபில்டரான என்டி 1.8. வேரியபிள் என்டியைக் கடைசி முனை வரை திருப்பினால் சட்டகத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும், வைடு லென்ஸில் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் மரநிழலுக்குப் போவது எல்லா ஃபில்டரையும்விட மலிவு.

எடுக்கும் வரிசை: முதலில் வைடு, ஏனென்றால் ஜன்னலும் வெயிலும் அதில்தான் தெரியும், அது மாறிக்கொண்டே இருக்கும். பிறகு அப்பா பக்கம் முழுவதும், பிறகு விளக்கைத் திருப்பி மகள் பக்கம் முழுவதும். இதில் ஒரு விலக்கு. காட்சியின் கனமான அழுகை மகளுடையது என்றால் வைடு முடிந்ததும் அவள் பக்கத்துக்குப் போங்கள், அங்கே மிட்டுக்கு முன்பே க்ளோஸை எடுத்துவிடுங்கள். அப்பாவின் சஜஷனுக்காகத் தோளை மட்டும் காட்டிக்கொண்டு ஏழெட்டு முறை அழுத பிறகு அவளிடம் மிச்சம் எதுவும் இருக்காது. காபி டம்ளரை நடிகர் எந்த வார்த்தையில் தூக்குகிறார், எந்தக் கையில், எந்த வார்த்தையில் வைக்கிறார் என்பதை வைடிலேயே குறித்துக்கொள்ளுங்கள். புதிய நடிகரிடம் டம்ளரைக் கொடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது. க்ளோஸில் நடிகர் பேசும் வசனத்தின் மேல் எதிராளியின் வசனம் ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடத்தில் எடிட்டருக்கு வெட்டும் சுதந்திரம் போய்விடும். குறுக்கே பேசுவதை எடிட்டில் உருவாக்கிக்கொள்ளலாம்.

பேசுபவரைவிடக் கேட்பவரின் முகம் முக்கியம். அப்பாவின் நீண்ட வசனத்துக்கு மகளின் க்ளோஸையும் முழுதாக ஓடவிடுங்கள். ‘அவள் வரி வரும்போது மட்டும் எடுத்தால் போதும்’ என்று மெமரி கார்டை மிச்சம் பிடித்த படங்களில்தான் பேசும் வாய்களாக வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். வசனம் முடிந்தபின் ஐந்து நொடி கழித்தே கட் சொல்லுங்கள்.

ட்ராலி பற்றிச் சுருக்கமாக. 40 நொடி வசனத்துக்கு இரண்டு மூன்று அடி நகர்ந்தால் போதும், நகர்வது தெரியாமல் அழுத்தம் மட்டும் ஏறும். ஜூமில் இது கிடைக்காது, ஏனென்றால் ஜூமில் தூரம் மாறுவதில்லை, பின்னணியும் முகமும் ஒன்றாகவே பெரிதாகும். தண்டவாளத்தின் இணைப்பில் ‘க்ரீச்’ சத்தம் வருகிறதா என்று மைக் போட்டுக் கேட்டுவிட்டு டேக் போங்கள். ஆட்டம் தெரியாமல் கேமராவைத் தாங்கும் கிம்பல் வைத்து இருவரையும் சுற்றிச் சுற்றி எடுப்பவர்கள் அந்த ஷாட்டைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருக்கும் துணிவோடு எடுக்க வேண்டும். சுற்றும் ஒவ்வொரு முறையும் லைனைத் தாண்டுவதால் க்ளோஸுக்கு வெட்ட நல்ல இடம் தேடுவது பெரும்பாடு.

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ரோட்டைப் பார்த்துப் பேசினால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். அப்போதும் கயிறு இருவரையும் சேர்த்தேதான் போகிறது, ஆனால் பார்வை அதன்மேல் இல்லை. முன்னாலிருந்து எடுத்தால் இருவரும் கேமராவைத் தாண்டி ரோட்டைப் பார்ப்பார்கள். தனித்தனி க்ளோஸில் யார் பக்கத்தில் யார் என்றே தெரியாது. இங்கே இருவரும் சேர்ந்து தெரியும் டூ ஷாட்டை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். க்ளோஸுக்குப் போவதென்றால், ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் போங்கள். அவர் வலது பக்கம் திரும்பினால் அடுத்த க்ளோஸில் இருப்பவர் சட்டகத்தின் வலது பாதியில் உட்கார்ந்திருக்கட்டும், பெஞ்சில் அவர் இருக்கும் இடமும் அதுதான்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் லொகேஷனில் இரண்டு பேரை உட்கார வைத்து, போனில் வைடு, இரண்டு சஜஷன், இரண்டு க்ளோஸ் என்று ஐந்து ஸ்டில் எடுத்து விரலால் மாற்றி மாற்றித் தள்ளிப் பாருங்கள். செட்டிலும் இரண்டாவது க்ளோஸை வைத்ததும் முதல் க்ளோஸின் ஒரு ஃப்ரேமை மானிட்டரில் எடுத்து இதோடு மாற்றிப் பாருங்கள். லைன் சரியாக இருந்தும் பார்வை எங்கோ உறுத்தினால் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் எதிர் நடிகர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு வசனம் சொல்லிக்கொண்டிருப்பார்.